டீசன்ட்டுன்னா யாரு மாதிரி?

மாங்கனித் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு என் அக்கா மகன் ஒரு சட்டை வாங்கி வந்தான். கத்தரிப்பூ நிறம். அதில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூக்கள். மாலையில் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றான். மேலே இரண்டு பட்டன் திறந்திருந்தது. ஒரு காதில் கடுக்கன், முன்முடியில் செம்பட்டைச் சாயம், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட பேன்ட். பத்தொன்பது வயது. பார்க்க நன்றாகத்தான் இருந்தான். அதை நான் சொல்லவில்லை.

"ஏன்டா, அவ்வளவு கூட்டத்துல இப்படியா போவ? டீசன்ட்டா ஏதாவது போட்டுட்டுப் போ" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "டீசன்ட்டுன்னா யாரு மாதிரி மாமா?"

சாதியைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பயந்துதான் அப்படிச் சொன்னேன். பாரதியார் வீதியில், பவளக்கால் விமானம் வரும் நேரத்தில், மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும்போது யாரோ ஒருவர் அவனைப் பார்த்து, "இதுங்க போடுற சட்டையப் பாரு" என்று சொல்லிவிடுவார் என்ற பயம். சொன்னால் இவன் திருப்பிச் சொல்வான். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்.

இரவு என் பீரோவைத் திறந்து பார்த்தேன். எட்டு முழுக்கைச் சட்டைகள். நான்கு வெள்ளை, மூன்று வெளிர்நீலம், ஒன்று சாம்பல். இருபது வருடமாக இதே கணக்கு. காரைக்கால் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் காற்று பன்னிரண்டு மணிக்கு மேல்தான் எழும்பும். அதுவரை முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்போதும் மணிக்கட்டு பட்டனைப் போட்டு, இஸ்திரி மடிப்பு கலையாமல் நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மேசைக்காரர் அரைக்கைச் சட்டையை வெளியே விட்டு, ரப்பர் செருப்போடு, வயிற்றுப் பக்கம் சாம்பார்க் கறையோடு வருவார். அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது: "ரொம்ப எளிமையான மனுசன்." அதே கறை என் சட்டையில் இருந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அது என் சட்டையைப் பற்றியதாக இருக்காது. என் தெருவைப் பற்றியதாக இருக்கும்.

கசங்கிய சட்டை போட்டுக்கொள்வது ஒரு சலுகை. எனக்கு அது கிடைத்ததில்லை.

என் முதல் முழுக்கால் பேன்ட் திருநள்ளாற்றிலிருந்து வந்தது. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: சனி தோஷம் கழிக்க வருகிறவர்கள் நளன் தீர்த்தத்தில் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். சனிக்கிழமைகளில் குவியும். சனிப்பெயர்ச்சி என்றால் மலையாகக் குவியும். அள்ளுவது துப்புரவுத் தொழிலாளிகள். அப்பா விவசாயக் கூலி. பெயர்ச்சிக் கூட்டம் வரும்போது அவருக்கு அங்கே சில நாள் தற்காலிக வேலை கிடைக்கும். அப்படி ஒரு முறை, நனைந்து கனத்த ஒரு கறுப்பு பேன்ட்டைப் பையில் சுருட்டிக் கொண்டுவந்தார். நல்ல துணி. யாரோ பணக்காரருடையது. அம்மா இரண்டு ராத்திரி சலவைச் சோடாவில் ஊற வைத்தார். "தோஷம் போறதுக்கா?" என்று நான் கேட்டதற்கு, "சேறு போறதுக்குடா" என்றார். கால் பக்கம் வெட்டித் தைத்து, ஏழாம் வகுப்பு முழுக்க அதைப் போட்டேன். நன்றாகவே இருந்தது. எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் ஒருவன் கண்டுபிடிக்கும்வரை.

பல வருடம் கழித்து மனுஸ்மிருதியின் பத்தாவது அத்தியாயத்தைப் படித்தேன். சண்டாளருக்கு உரிய உடை பிணத்தின் மேல் கிடந்த துணி, உண்ண உடைந்த பாத்திரம், அணிய இரும்பு நகை என்று அங்கே எழுதியிருக்கிறது. அப்பா அந்த நூலைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை. மகனுக்கு ஒரு பேன்ட் வேண்டும் என்பது மட்டும்தான் அவர் நினைப்பு.

அதை வெட்டித் தைத்த தையல்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் நாடா இருந்தும் அவர் என் மேல் வைக்கவில்லை. "பழசு ஒண்ணு கொண்டாந்து குடு, பார்த்துக்கிறேன்" என்றார். தையல்காரர்கள் பலரும் அளவுச் சட்டை கேட்பது வழக்கம்தான். அவசரத்தில்கூட அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு முன்னால் நின்ற பையனைச் சுற்றி நாடா ஓடியதை நான் பார்த்தேன். இன்றைக்கும் அது என்னவென்று தீர்ப்பெழுத முடியவில்லை. சாதி பெரும்பாலும் இப்படித்தான் நம்மைத் தொடுகிறது, அல்லது தொடாமல் போகிறது.

தாத்தா காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. எல்லாம் வெளிப்படை. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாளின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, துண்டு தோளில் ஏறக் கூடாது. பிரெஞ்சுக்காரன் எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் வேறாகவா இருந்தது என்று அப்பா சிரிப்பார். கொடி மட்டும்தான் வேறு, மிராசுதார் ஒருவர்தான். நெடுங்காட்டுப் பக்கமிருந்து டவுனுக்கு நடந்து வரும்போது தாத்தா துண்டோடு ஒரு கணக்கு வைத்திருந்தாராம். பெரிய வீட்டுத் தெருவில் இடுப்பில், தெருமுனை தாண்டியதும் தோளில், எதிரே தெரிந்த முகம் வந்தால் மறுபடியும் இடுப்பில். ஒரு மனிதன் ஒரு நாளில் எத்தனை முறை தன் துண்டை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் பாருங்கள்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அந்தப் பட்டியலைத் தன் நூலில் பதிந்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு எட்டு பதினொன்றாக வளர்ந்தது.

பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே உடம்பின் மேல் இருப்பவை என்பதைக் கவனியுங்கள். பனியனைக்கூட விட்டுவைக்கவில்லை. பனியன் போட்டவனைப் பார்த்து ஏன் ஒரு ஊரே பதற வேண்டும்? தூரத்தில் வருகிறவனை யாரென்று கண்டுபிடிக்க உடை ஒன்றுதான் வழி. உடை ஒன்றாகிவிட்டால் பெயரைக் கேட்க வேண்டும், பெயரும் ஒன்றாகிவிட்டால் ஊரைக் கேட்க வேண்டும், தெருவைக் கேட்க வேண்டும். இன்று நம்மிடம் அதைத்தானே கேட்கிறார்கள்?

மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது திருவாவடுதுறை. நாதசுரம் வாசிப்பவர் மேலுக்குச் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், அந்த ஊர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டி, ஷெர்வானி போட்டு மேடையேறினார். திமிர் பிடித்தவர் என்றார்கள். திமிர் இருந்தது என்றுதான் நானும் நம்புகிறேன். அந்த வாசிப்புக்கு அது பொருத்தம். கானாடுகாத்தான் திருமண ஊர்வலத்தில் நாதசுரக்காரரின் தோள் துண்டை எடுக்கச் சொன்னபோது, "எடுக்காதே, வாசி" என்று பட்டுக்கோட்டை அழகிரி பக்கத்தில் நின்றதைச் சுயமரியாதைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். வியர்வை துடைக்கும் துண்டுக்கு ஒரு இயக்கம் காவல் நிற்க வேண்டியிருந்தது.

நம் பிரெஞ்சு வரலாற்றிலும் ஒரு செருப்பு இருக்கிறது. 1873இல் புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் காலுறையும் ஐரோப்பியக் காலணியும் போட்டுக்கொண்டு நுழைந்தார். இந்தியர் அப்படி நுழையக் கூடாது என்று தண்டித்தார் நீதிபதி. பொன்னுத்தம்பி விடவில்லை. பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். பிறகு, 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சாதி, மதச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர விரும்பியவர்களுக்கு முன்னோடியாக நின்று, தன் பெயரையே லாபோர்த், அதாவது 'கதவு' என்று மாற்றிக்கொண்டார். அந்தக் கதவு வழியாக நம் ஆட்கள் பலரும் போனார்கள். சாதி இந்துத் தலைவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் பாரிஸ் வரை செருப்புக்காக வழக்காட முடிந்த பொன்னுத்தம்பி வேளாளர் என்பதையும் மறக்க வேண்டாம். என் தாத்தாவின் துண்டு எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை.

காரைக்காலில் இருந்துகொண்டு அம்மையாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அழகை உதறிப் பேயுரு வாங்கிய பெண்ணுக்குத்தான் இந்த ஊர் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் உதறுவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். புனிதவதி வணிகர் வீட்டு மகள், நகையும் பட்டும் இருந்தவர், உதறினார். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றி அரைவேட்டிக்கு மாறியதும் அப்படித்தான். அந்த ஆண்டில் நம்மவர்கள் பாதிப்பேருக்கு அரைவேட்டி விரதமில்லை, கட்டளை. அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்தது ஏன் என்று இன்றும் கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க மறுப்பவர்கள்.

அம்பேத்கரை நாமும் பாதிதான் பார்க்கிறோம். 1927 டிசம்பரில் மகாத்தில் பெண்களிடம் பேசியபோது, சாதியைக் காட்டிக்கொடுக்கும் சேலைக்கட்டையும் கழுத்து, கை நிறைய அடுக்கிய நகைகளையும் விடச் சொன்னார். ஆனால் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டில் வந்தார். எந்த இடத்துக்கு எது வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். நாம் சிலையின் நீலக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, "அவர் எப்படி உடுத்தினார் பார், நீ எப்படி உடுத்துகிறாய்" என்று பையன்களை மிரட்டப் பயன்படுத்துகிறோம். நானும் செய்திருக்கிறேன். ஏப்ரல் 14க்கு நீல டீ-சர்ட் போடச் சொன்னபோது என் அக்கா மகன், "வர்றேன் மாமா, ஆனா நீலம் எனக்கு செட் ஆகாது" என்றான். மெரூன் சட்டையில் வந்து கடைசிவரை கோஷம் போட்டான்.

இனி ஜீன்ஸுக்கு வருவோம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. அதையொட்டிய நாட்களில் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று குற்றம்சாட்டிப் பேசினார். 1930இல் சட்டை போடாதே என்றார்கள், 2012இல் நல்ல சட்டை போடாதே என்றார்கள். அப்போது எனக்கு முப்பதை நெருங்கும் வயது. பேச்சைக் கண்டித்து ஆர்ப்பாட்டம் நடத்தினோம். நான் முழக்கம் எழுதிக் கொடுத்தேன். அதே வாரம் என் ஒரே ஜீன்ஸை மடித்து பெட்டிக்கு அடியில் வைத்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் வைத்தேன்.

அதுதான் அந்தப் பேச்சின் வெற்றி. அதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நிகழ்வு. 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி கட்டிப் போனதால் சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்புக்குள் விட மறுத்தார்கள். தமிழ்நாடே கொதித்தது, நியாயமாகவே. சில வாரங்களில் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது: வேட்டிக்கும் மரபான இந்திய உடைக்கும் எந்த கிளப்பும் தடை போடக் கூடாது. நல்ல சட்டம். நாகூர் தாண்டி வாஞ்சூர் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் அது செல்லாது என்பது நம் தனி வேடிக்கை. ஆனால் வேட்டி கட்டிய நீதிபதிக்காகக் கொதித்த அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர், இரண்டு வருடத்துக்கு முன் ஜீன்ஸ் போட்ட பையனுக்காகக் கொதித்தார்கள்? வேட்டியில் பண்பாடு தெரிகிறது, ஜீன்ஸில் என்ன தெரிகிறது? கைலியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உழைக்கிற ஆண்களில் பாதிப்பேர் உடுத்துவது கைலி. அதற்காக எந்தச் சபையும் கூடவில்லை.

சட்டத்தில் நமக்கென்று இருப்பது வேறு மாதிரியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த ஒரு பிரிவு, பட்டியலினத்தவரின் உடையை வலிந்து களைவது, தலையை மழிப்பது, மீசையை எடுப்பது ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது. மீசை என்ற சொல் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் எத்தனை மீசைகள் மழிக்கப்பட்டிருக்க வேண்டும்! 2017இல் குஜராத்தில் மீசை வைத்ததற்காகத் தாக்கியதாகப் புகார்கள் எழுந்தபோது, அங்கே இளைஞர்கள் வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் முறுக்கிய மீசையும் கிரீடமுமாக 'மிஸ்டர் தலித்' என்று போட்டுக்கொண்டார்கள். எனக்கு முறுக்கு மீசை பிடிக்காது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தேன், சந்தோஷமாக.

உடையில் சாதியைக் காட்டத் துடிப்பவர்கள் யார் என்பதையும் பாருங்கள். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறிகளைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே இன்னான் என்று பிள்ளைகள் அறிகிறார்கள். அந்தக் கயிற்றைக் கட்டி அனுப்பிய வீட்டில்தான் "இப்ப உள்ள பசங்க கண்ட கண்ட சட்டையைப் போடுறாங்க" என்று குறைபடுகிறார்கள்.

நம்மைப் பற்றியும் கேட்க வேண்டியது இருக்கிறது. ஆண்களின் ஜீன்ஸ் உரிமைக்காக முழங்குகிற நம் தெருவில், தங்கை துப்பட்டா போடாமல் கடைக்குப் போனால் யார் முதலில் குரல் கொடுப்பது? அக்கா ஒருமுறை ஜீன்ஸ் வாங்க ஆசைப்பட்டபோது, வீட்டில் வேண்டாம் என்றது அப்பா இல்லை, நான். இராமநாதபுரத்துப் பட்டியலில் பெண்களுக்கும் வரிகள் இருந்தன. அவற்றில் சிலவற்றை நாம் கையெழுத்து மாற்றி வைத்திருக்கிறோம்.

ஆண்கள் தங்களுக்கான ஸ்டைலைக் கண்டுபிடிப்பது பற்றி நிறைய அறிவுரைகள் உலவுகின்றன. உடல்வாகுக்கு ஏற்றது, நிறத்துக்கு ஏற்றது, உன் மனசைக் கேள் என்கிறார்கள். கறுப்பாக இருப்பவன் அடர்நிறம் போடாதே என்பதும் அதில் வரும், அதைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம். எனக்குச் சிக்கல் 'உன் மனசைக் கேள்' என்பதில்தான். நான் என் மனசைக் கேட்டால் அது வெள்ளை முழுக்கை என்கிறது. அது விருப்பமா, இருபது வருடப் பயமா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை எனக்குப் பிடித்தும் இருக்கலாம். வேறொன்றையும் போட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

அக்கா மகன் கத்தரிப்பூச் சட்டையில்தான் திருவிழாவுக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன், கண்காணிக்க என்று சொல்லாமல். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு பாட்டி சிரித்தார். இவன் எம்பி எம்பி மூன்று மாம்பழம் பிடித்தான். ஒன்று சட்டைமேல் விழுந்து வெடித்தது. அந்தக் கறையோடு ஒன்பது மணிவரை சுற்றிக்கொண்டிருந்தான். மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் கை பரபரத்தது.

அடுத்த வாரம் என்னைத் துணிக்கடைக்கு இழுத்துப் போனான். நான் பழக்கத்தில் வெளிர்நீலத்தை எடுத்தேன். பிடுங்கி வைத்துவிட்டு, கடுகு நிறத்தில் ஒரு அரைக்கைச் சட்டையை நீட்டினான். "மாமா, உனக்குக் கை நல்லாருக்கு, ஏன் மூடி வச்சிருக்க?" நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு பாராட்டை முதல் முறை கேட்கிறேன். போட்டுப் பார்த்தேன். தோள் கொஞ்சம் இறக்கம், மற்றபடி சரி.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுப் பழகினேன். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போட்டுப் போனேன். பக்கத்து மேசைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன சார், இன்னைக்கு ஏதும் விசேஷமா?"

"இல்ல சார், திங்கட்கிழமை" என்றேன்.